மன்றத்துச் சுவரில் சித்தப்பாவின் படம்

ஈரச் சுண்ணாம்பின் வாசனை வந்தால் பொங்கல் நெருங்கிவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். வீடுகளுக்கு வெள்ளையடிப்பதற்கு முன்பே ஏரிக்கரையை ஒட்டியிருந்த கபடி மன்றத்தின் ஒற்றை அறைக்கு அடித்துவிடுவார்கள், நீலம் கலந்த அந்த வெள்ளை காய்வதற்குள் விரலால் தொட்டுவிட்டு ஓடுவது எங்கள் விளையாட்டு. எருமப்பட்டிக்குத் தெற்கே, சோளமும் நிலக்கடலையும் விளைகிற மேட்டுக்காட்டு ஊர் எங்களுடையது. அங்கே கோயிலுக்கு அடுத்தபடியாக ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த இடம் அந்த மன்றம்தான்.

உள்ளே ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டமிட்ட படங்கள் இருந்தன, ஊருக்காகக் கபடி ஆடிப் பெயர் வாங்கியவர்களின் படங்கள். "ஆடறவனுக்குக் கைதட்டு, ஆடி முடிச்சவனுக்குச் செவுரு" என்பது பெரியவர்களின் பேச்சு. யார் படம் ஏறலாம் என்பதைப் பொங்கல் ஆட்டங்கள் முடிந்த மறுநாள் பிற்பகலில் பழைய ஆட்டக்காரர்கள் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். அதற்கு ஒரு முறை இருந்தது. பெயரைச் சொல்லும்போது எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும், மறுப்பு உள்ளவன் எழுந்து நின்று காரணத்தைச் சொல்ல வேண்டும். அவனை எல்லோரும் பேசி உட்கார வைத்தால் படம் ஏறும், அவன் நின்றுகொண்டே இருந்தால் ஏறாது. ஏறிய படத்தையும் பிறகொரு வருஷம் யாராவது எழுந்து காரணம் சொல்லி இறக்கச் சொல்லலாம். ஆனால் அப்படி யாரும் நின்றதில்லை, ஏனென்றால் அதுவரை சுவரில் ஏறிய எல்லோருமே இறந்துபோனவர்கள், செத்தவனை ஊர் எதிர்த்துப் பேசாது.

என் அப்பாவின் தம்பி, நல்லுசாமிச் சித்தப்பா, மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு எதிர்க்களத்துக்குள் போனால் ஏரிக்கரை முழுக்க எழுந்து நிற்கும். கோட்டைத் தாண்டுவதற்கு முன் குனிந்து ஒரு பிடி செம்மண்ணை அள்ளி இரண்டு தொடையிலும் தேய்த்துக்கொள்வார். அந்த மண் வியர்வையில் குழைந்து வழிவதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முழங்கால் போனபின் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த வண்டிகள் வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். அவர் கிளம்புவதற்கு முன்பு வந்த பொங்கலில்தான், உயிரோடிருக்கிற ஒருவரின் பெயர் முதன்முறையாக மன்றத்தில் எழுந்தது. பெண்களுக்கு உள்ளே இடமில்லை என்பதால் நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.

குப்பண்ண மாமா மட்டும் எழுந்து நின்றார். ஒரு காலத்தில் கால் பிடிப்பதில் அந்த வட்டாரத்திலேயே பேர் போனவர், பயிற்சி ஆட்டங்களில் சித்தப்பாவிடம் தோற்றுத் தோற்று ஆட்டத்தையே விட்டவர்.

"அவன் தொடையில வெளக்கெண்ண தடவித்தான் ஆடுனான். புடிச்சவன் நானு, என்ற கைக்குத் தெரியும்."

"ஏம்ப்பா குப்பண்ணா, உன்ற கையில புடி இல்லாததுக்கு அவன் தொடைய ஏன் குத்தஞ் சொல்ற?" என்று ஒரு குரல் வந்தது. "உட்டா, காத்துக்கே எண்ண தடவுனான்னு சொல்லுவாரு" என்றது இன்னொன்று. அறையே சிரித்தது. கடைசியில் குப்பண்ண மாமாவும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார், படம் ஏறியது.

அன்று நடந்த பிழையை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. படங்களுக்கெல்லாம் வருஷத்துக்கொரு முறை சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவது வழக்கம், அதே கையோடு சித்தப்பாவின் படத்துக்கும் பொட்டு வைத்து மாலையைப் போட்டுவிட்டார்கள். வாசலில் நின்று பார்த்த சித்தி, "மாலையக் கழட்டுங்க, ஆளு இங்கதான நிக்கறாரு" என்றாள். "கௌரவம் அம்மிணி, கௌரவம்" என்றார்கள். தன் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு சித்தப்பா, "செத்தாத்தான் மாட்டுவாங்கன்னு இருந்தேன், செலவில்லாம மாட்டிட்டாங்க" என்று சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

வடக்கே போனவரிடமிருந்து கொஞ்ச நாள் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. வண்டிக்காரர்கள் ஊர் திரும்பியபோது அவர் இல்லை. ஏதோ ஓர் ஊரில் டீ குடிக்க இறங்கியவர் வண்டிக்குத் திரும்பவில்லை என்றும், தேடிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம் என்றும் சொன்னார்கள். அப்பா இரண்டு தடவை போய்த் தேடிவிட்டு, தாடியோடு வெறுங்கையாக வந்தார்.

அதன்பின் அந்தப் படம் எங்களைப் பார்க்கத் தொடங்கியது. ஏரிக்கரை வழியே பள்ளிக்கூடம் போகும்போது திறந்த கதவுக்குள் அவர் சிரித்துக்கொண்டிருப்பார், கழுத்தில் காய்ந்த மாலை. அந்த இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். ஊர் வாய் அவரைப் பற்றிப் பேசும்போது மெல்ல மெல்ல "இருந்தான்", "ஆடுனான்", "நல்ல மனுசன், பாவம்" என்று மாறியது. கிணற்றடியில் ஒருத்தி சித்தியின் முகத்தைப் பார்த்தே கேட்டாள்: "செவுத்துல படம் ஏறி மாலையும் உழுந்தாச்சு, இன்னும் எதுக்கு நெத்தியில இத்தாம் பெரிய பொட்டு?" சித்தி குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் வந்ததும் நிரம்பிய குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைக்கக்கூட மறந்து நெடுநேரம் நின்றாள்.

அடுத்த பொங்கலில், மன்றத்தில் புதுப் பெயர்களைப் பேசிக்கொண்டிருந்த பிற்பகலில், சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அவள் ஆண்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். முறைப்படி உட்கார்ந்துவிட்டு முறைப்படி எழுந்து நின்றாள்.

"அந்தப் படத்த எறக்கிப் போடுங்க."

"காரணம் சொல்லோணும் அம்மிணி."

"எண்ண தடவித்தானுங்க ஆடுனாரு. அன்னிக்கே குப்பண்ண மாமா சொன்னாரு, ஆருங் கேக்கல. அந்தச் செவுத்துல இருக்க என்ற ஊட்டுக்காரருக்கு யோக்கிதை இல்லீங்க."

எதிர்பாராத விதமாகக் குப்பண்ண மாமாவே எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "இல்லம்மிணி, நான் வவுத்தெரிச்சல்ல சொன்னேன். அவன் கால்ல மண்ணுதான் இருந்துச்சு. அவனாட்டம் ஆட இனி ஒருத்தன் பொறந்து வரோணும்."

"உங்க கைக்குத் தெரியாதுங்க மாமா" என்றாள் சித்தி. "தேச்சு உட்டவ நானு. என்ற கைக்குத் தெரியும்."

மண் ஒட்டினால் எண்ணெய் வழுக்காது, அதனால் எண்ணெய் தேய்த்த காலில் ஆட்டம் தொடங்குவதற்கு முன் அப்படி மண்ணை அள்ளிப் பூச மாட்டார்கள் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கே தெரியும். ஆனால் யாரும் அவளை உட்கார வைக்க வாயைத் திறக்கவில்லை. அவள் உட்காரவும் இல்லை. கடைசியில் குப்பண்ண மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, படத்தைத் தன் கையாலேயே இறக்கிக் கொடுத்தார். சித்தி வாசற்படியிலேயே மாலையைப் பிய்த்து எறிந்தாள், முந்தானையால் பொட்டைத் துடைத்தாள், வீட்டுக்கு வந்ததும் படத்தைச் சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்தாள்.

அறைக்குள் இருந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை என்றாலும் ஜன்னலில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? அந்த வருஷத்திலிருந்து சித்தப்பாவின் பெயர் ஊரில் "எண்ணக்காரன்" என்று ஆனது. பொடியன்கள் தெருவில் கத்தினார்கள். "எண்ணக்காரன் பொண்டாட்டி போறா பாரு" என்று கிணற்றடியில் பேசினார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் சித்தியின் முகத்தில் ஒரு நிம்மதி வருவதைப் பார்த்திருக்கிறேன், அதன் பொருள் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. பொண்டாட்டி என்றுதான் சொன்னார்கள். ஊர் வைவது உயிரோடு இருப்பவனைத்தான்.

சித்தப்பா வரவில்லை. சித்தி நெற்றிப் பொட்டோடு வாழ்ந்து, பொட்டோடு போய்ச் சேர்ந்தாள். மன்றத்து அறையும் பின்னொரு மழையில் சரிந்தது, படங்களை யார் எடுத்துப் போனார்கள் என்று தெரியவில்லை. ஊரில் இன்று இருக்கிற இளவட்டங்களுக்கு நல்லுசாமி என்றொருவர் ஆடினார் என்பதே தெரியாது. எண்ணெய் என்ற ஏச்சும் போய்விட்டது, அவர் ஆடிய ஆட்டத்தின் பேச்சும் போய்விட்டது. அவரை உயிரோடு வைத்திருக்க அவள் கொடுத்த விலை அது.

என் மகன் கல்லூரிக் கபடி அணியில் ஆடுகிறான். போட்டிக்காக வடமாநிலத்துக்கு ரயிலேறியிருக்கிறான், வழியில் சிக்னல் இல்லை போல, இரண்டு நாளாகப் பேச்சில்லை. இன்று காலை நாமக்கல்லில் டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது சாலையோரத்தில் அவன் முகத்தைப் பார்த்தேன். ஆளுயர ஃபிளெக்ஸ், சுற்றிலும் பூ அச்சடித்த வளையம், நடுவில் சிரிக்கிற என் பிள்ளை. கீழே எழுதியிருந்ததை ஒரு லாரி மறைத்துக்கொண்டு நின்றது. இப்போதெல்லாம் வாழ்த்துக்கும் அஞ்சலிக்கும் ஒரே மாதிரிதான் அச்சடிக்கிறார்கள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் படிக்கட்டுக்கு வந்து நின்றுவிட்டேன். இறங்கி ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து, லாரியைச் சுற்றிப் போய்ப் படித்தேன். "எங்கள் ஆட்ட நாயகனே, வாழ்க."

படித்த பிறகும் அந்தப் பூ வளையம் என்னை விடவில்லை. யாரைக் கூட்டி வைத்துப் பேசினார்கள், யாரிடம் மறுப்புக் கேட்டார்கள்? எழுந்து நின்று சொல்ல அறையும் இல்லை, கேட்க ஆட்களும் இல்லை, கம்பத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் மட்டும் இருந்தான். அவனிடம் போனேன்.

"இதக் கழட்டிருங்க தம்பி. இந்தப் பையன் அப்படியொன்னும் பெரிய ஆட்டக்காரன் இல்ல."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தான். "ஏனுங்க்கா, இவன்கிட்ட உங்க பையன் தோத்துட்டானாக்கும்?"

நான் யார் என்று சொல்லவில்லை. "ஆமா தம்பி, தோத்துட்டான்" என்றேன்.

அவன் முகம் இளகியது. "அட உடுங்க்கா. சின்னப் பையன்தான, அடுத்த வருசம் செயிச்சுப்போடுவான்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இறுக்கினான்.

என் பிள்ளைக்கு ஓர் அடுத்த வருசம் உண்டு என்று அவன் சொன்னதை மட்டும் வாங்கிக்கொண்டு, ஃபிளெக்ஸைத் திரும்பிப் பார்க்காமல் நிறுத்தத்துக்கு நடந்தேன்.