போர்டு இல்லாத கூட்டம்

எங்கள் அப்பா குடித்தார். அதைச் சோகமாகவோ செல்லமாகவோ சொல்ல எனக்கு வராது. சம்பளம் வாங்கிய அன்று குடித்தார், வாங்காத அன்றும் குடித்தார். ஆம்பூரில் ஒரு தோல் டேனரியில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் பிரிவில் வேலை. போதையில் ஒருமுறை ஓடுகிற டிரம்முக்குக் கிட்டே போய்விட்டார். இன்னொரு தரம் வாசனை வந்தால் கேட்டோடு திருப்பி அனுப்பிவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அம்மா அதற்கும் மேலே போய், எங்களைக் கூட்டிக்கொண்டு பேரணாம்பட்டில் தன் அண்ணன் வீட்டோடு போய்விடுவேன் என்றாள். அப்பா வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் போனால் மட்டும் இருப்பாளாம்.

அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னது வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ். குடியை விட்டவர்களும் விட முடியாதவர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். ஊசி மருந்து கிடையாது, பேச்சுதான். வீட்டு ஆட்களும் கூட உட்காரலாம். இடம் ஆம்பூரிலேயே சர்ச்சுக்குப் பின்னால் ஒரு அறை. அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் ஓவர்டைம் என்பதால், ஒன்பது வயதான என்னைக் காவலுக்கு அனுப்பினாள். வளர்ந்த ஆளை இழுத்துக்கொண்டு போகும் வேலையை ஒரு பிள்ளையின் தலையில் கட்டலாமா என்று அன்று யாரும் கேட்கவில்லை. நான் இன்றைக்கும் கேட்கிறேன்.

ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினால், அந்தத் தெருவில் இரண்டு சர்ச்சுகள். இரண்டுக்கும் பின்னால் அறைகள். எதிலும் போர்டு இல்லை. அப்பா யாரையும் கேட்கவில்லை. கேட்டால் எதற்குக் கேட்கிறார் என்று தெரிந்துவிடும். ஆம்பூரில் ஒருவருக்குத் தெரிந்தால் டேனரி முழுக்கத் தெரியும். முதல் சர்ச்சின் பின்கதவைத் திறந்துகொண்டு போய் உட்கார்ந்தோம். அப்பாவின் கையில் ஒரு பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அங்கே நடந்தது பாடகர் குழுவின் பயிற்சி. காலையில் முருகன் படத்தைக் கும்பிட்டுவிட்டு வந்த மனிதர், எழுந்து வர வெட்கப்பட்டு, ஒரு கீர்த்தனை முழுக்க வாயை அசைத்தார்.

வெளியே வந்ததும், "வூட்டுக்குப் போய்டலாம். மீட்டிங்கு இல்லன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமன் வீட்டில் அத்தையின் வாயில் விழுந்து வாழ நான் தயாராக இல்லை. எதிரே இருந்த டீக்கடைக்குப் போய்த் தெருவுக்கே கேட்கும்படி கேட்டேன்.

"அண்ணா, குடிக்கிறவங்க மீட்டிங்கு எங்க நடக்குது?"

"அதுவா? ஒயின்ஷாப் வாசல்ல டெய்லி நடக்குதே பாப்பா. ஆளும் ஜாஸ்தி" என்றார் கடைக்காரர். கடையே சிரித்தது. அப்பா ஒரு விளக்குக்கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார், அது அவரை மறைத்துவிடும் என்பதுபோல.

பெஞ்சின் ஓரத்தில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவரைப் பார்த்ததும் அப்பாவின் முகம் செத்துவிட்டது. மேஸ்திரி. அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். எங்களைத் தாண்டும்போது தலையைத் திருப்பாமலே, "பேசாம பின்னால வா" என்றார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனோம்.

இரண்டாவது சர்ச்சுக்குப் பின்னால் ஒரு அறை, வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். மேஸ்திரியும் ஒன்றில் உட்கார்ந்தார். தன் முறை வந்தபோது தன் பேரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்றார். மகள் கல்யாணத்தில் குடித்துவிட்டுப் பந்தியில் விழுந்ததைச் சொல்லி அழுதார். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா அன்று வாயே திறக்கவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை. முடிவில் ஒருவர், இங்கே பார்த்த ஆளும் கேட்ட பேச்சும் இங்கேயே இருக்கட்டும் என்றார். வகுப்பில் டீச்சர் 'பேசாதே' என்பதைப்போல அதுவும் ஒரு பேச்சுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் பஜாருக்குப் போனபோது, டேனரி ஆட்கள் சிலரோடு மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். ஓடிப்போய், "மாமா, வியாழக்கெழம மீட்டிங்குக்கு வருவீங்க இல்ல?" என்றேன்.

"எந்த மீட்டிங்கு? யாரு பாப்பா நீ?" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்துக் கத்தினார். "இன்னாய்யா, உம் பொண்ணா? புள்ளைய புடிச்சிக்கினு நடக்க மாட்டியா? வண்டி வர்றது தெர்ல?"

"காலையிலயே ஏத்திக்கினு வந்திருப்பான் மேஸ்திரி" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"அத மோந்து பாக்க நான் இருக்கேன். உனக்கு இன்னா பேஜாரு?" என்று அவன் வாயையும் அடைத்தார்.

வீடு வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அறைக்குள்ளே அழுகிற ஆள் பஜாரில் என்னைத் தெரியாது என்கிறானே. இனி அந்த மூஞ்சியைப் பார்க்க அப்பா போக மாட்டார், அம்மா பையில் துணியை அடுக்கப்போகிறாள் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அப்பா குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"அந்தப் பொய்யன் இருப்பானே, அங்கயா போற?" என்றேன்.

"அவரு இருக்காருன்னுதான் போறேன். கெளம்பு" என்றார்.

அன்று அப்பா முதல் தடவையாக எழுந்து நின்று தன் பேரைச் சொன்னார். மேஸ்திரி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மானம் கெட்ட இரண்டு ஆட்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.