நான் செய்த நங்கூரங்களும் அவை பிடித்த இடங்களும்

நங்கூரம் செய்கிறவனை நல்ல நேரத்தில் யாரும் நினைப்பதில்லை. படகு நின்ற இடத்தில் நிற்கும்வரை என்னை எவருக்கும் தெரியாது, நகர்ந்தால்தான் என் போன் அடிக்கும்.

பாறசாலையில் எனக்கொரு வெல்டிங் பட்டறை உண்டு. கேட், கிரில், தண்ணீர் டாங்குக்கு ஸ்டாண்டு எல்லாம் செய்வோம். கடல் அங்கிருந்து அரை மணி நேர வண்டித் தூரம். ஆனாலும் பொழியூர், பூவார் படகுக்காரர்கள் நங்கூரத்துக்கு என்னிடம் வரப் பழகிவிட்டார்கள். கூட வேலை பார்ப்பவன் சுகுமாரன். அவனுக்குக் கேட் செய்வதுதான் பிடிக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்களாம். எனக்கு நங்கூரம். கிணற்று மோட்டார் இறக்குகிறவர்கள், அஸ்திவாரம் போடுகிறவர்கள், செப்டிக் டாங்கு கட்டுகிறவர்கள் என்று செய்த வேலை கண்காணாத இடத்தில் கிடக்க, அது இப்போது என்ன செய்கிறதோ என்று மேலே நின்று யோசித்தே நாளைக் கழிக்கிற உங்களுக்கு என் பாடு புரியும்.

கொல்லயில் வயலில் ஜீப் இழுத்தது

நாங்கள் மூன்று வகை செய்கிறோம். நாலு கொக்கி வைத்தது ஒன்று. கலப்பை மாதிரி ஒற்றை மூக்கு உள்ளது ஒன்று. மடங்கக்கூடிய இரண்டு தகடு வைத்தது இன்னொன்று. சேற்றில் எது நன்றாகப் பிடிக்கும் என்று எனக்கும் சுகுமாரனுக்கும் வாக்குவாதம் முற்றிப் போய், கொல்லயில் ஊரில் தங்கப்பன் அண்ணனின் வயலுக்கு மூன்றையும் கொண்டு போனோம். அறுப்பு முடிந்து தண்ணீர் கட்டியிருந்தது. ரோட்டில் ஜீப்பை நிறுத்தி, பின்னால் நீளக் கயிறு கட்டி, ஒவ்வொன்றாக இழுத்தோம்.

நாலு கொக்கி, சீப்பு போல வைக்கோலை வாரிக்கொண்டு சும்மா வந்தது. கலப்பை பிடித்தது, ஆனால் நிற்கவில்லை. ஒரே கோடாக வயலை உழுதுகொண்டே வந்தது. பின்னாலேயே நாலு கொக்குகள் பூச்சி பொறுக்கி நடந்தன. தகடு மட்டும் முதலில் சோம்பேறி மாதிரி மல்லாந்து கிடந்தது. அப்புறம் இரண்டு நுனியும் மெல்லத் தாழ்ந்தன. விரல் விரலாக உள்ளே இறங்கி, சேறு அதன்மேல் மூடிக்கொண்டது. ஜீப்பின் டயர் நின்ற இடத்திலேயே சுற்றியது. நான் வரப்பில் உட்கார்ந்து, அந்த இறுகிய கயிற்றையே எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. அதைத் தோண்டி எடுக்க எங்களுக்கு ஒரு மணி நேரமும் இரண்டு மண்வெட்டியும் வேண்டியிருந்தது. 'சின்ன டெஸ்ட்டு' என்று நான் சொன்னதை நம்பி வயலைத் தந்த தங்கப்பன் அண்ணன் குடையோடு வந்து, குழியைப் பார்த்தார், உழுத கோட்டைப் பார்த்தார்.

"கடலுக்கு உள்ளதக் கடலுக்குக் கொண்டு போ மக்கா. எனக்கு அந்தக் கலப்ப உள்ளது போதும். டிராக்டர்காரன் இவ்வளவு நேரா உழமாட்டான்."

நன்றாகப் பிடித்ததனால் வந்த வினை

பொழியூர் சேவியர் கடலுக்கடியில் பாறை உள்ள இடங்களில் தூண்டில் போடுகிறவர். பாறைக்கு நாலு கொக்கிதான் சரி. தகடு அங்கே வழுக்கிக்கொண்டு போகும். அவர் கொண்டு வந்த பழைய நங்கூரத்தின் கொக்கிகள் எல்லாம் வளைந்து நெளிந்து கிடந்தன. இப்படியும் ஒரு வேலையா என்று எனக்கு இளக்காரம். லாரி அச்சில் இருந்து எடுத்த கெட்டிக் கம்பியில், யானையைக் கட்டினாலும் அசையாத மாதிரி ஒன்று செய்து கொடுத்தேன்.

பத்து நாளில் திரும்பி வந்தார். கையில் நங்கூரம் இல்லை. வெட்டுப்பட்ட ஒரு முழக் கயிறு இருந்தது. பாறை இடுக்கில் போய் மாட்டிய கொக்கி, மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லையாம். எஞ்சினை வைத்து இழுத்தார்கள். அதற்குள் அலை பெருத்துவிட்டது. கயிறு படகின் முன்பக்கத்தைக் கீழே பிடித்து இழுக்க, ஒவ்வொரு அலைக்கும் படகுக்குள் தண்ணீர் ஏறியது. இன்னும் நாலு அலை தாங்காது என்றபோது கத்தியை எடுத்துவிட்டார். பழைய மெல்லிய கம்பி என்றால் இழுத்த இழுப்பில் நிமிர்ந்து கழன்று வந்திருக்கும். கரைக்கு வந்து சுத்தியலால் தட்டி வளைத்துக்கொள்ளலாம். அது பழுதில்லை, அதுதான் அதன் வேலை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் தலை குனிந்து கம்பியின் உறுதியைப் பற்றி ஏதோ முனகினேன். அவர் கயிற்றுத் துண்டை என் மேஜைமேல் வைத்தார்.

"பிடிக்கணும்ணு சொன்னேன், அது சத்தியம். விடாதேண்ணு யாரு அண்ணே சொன்னா?"

கீழே போய்ப் பார்த்தது

மழை விட்டு ஆற்றுத் தண்ணீர் தெளிந்திருந்த ஒரு மாதத்தில், ஆறு கடலைச் சேருமுன் தேங்கி நிற்கும் பூவார் காயலில் சிறு வள்ளம் ஒன்றைக் கேட்டு வாங்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு நானே தண்ணீருக்குள் இறங்கினேன். இரண்டு ஆள் ஆழம். சுகுமாரன் மேலே வள்ளத்தில். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே போக, அவன் துடுப்புப் போட்டு இழுக்க வேண்டும் என்று ஏற்பாடு. மணலில் தகடு சாய்ந்து கிடந்தது. வெயில் வலை வலையாக அதன்மேல் ஆடியது. சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக எழுந்து நேரானது. அப்புறம் தகட்டின் நுனி மண்ணுக்குள் போயிற்று; ஒரு சிறு புகை எழுந்து அடங்கியது. உறக்கத்தில் புரள்கிறவர் போர்வையை இழுத்துக்கொள்வாரே, அது மாதிரி மணலை மேலே இழுத்துக்கொண்டு என் நங்கூரம் மறைந்தது. சத்தமே இல்லை. விரல் நீள மீன்கள் வந்து, புதைந்த இடத்தைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயின. மூச்சுக்கு மேலே போய், மறுபடி இறங்கி, மறுபடி போய், மறுபடி இறங்கினேன். ஏழாம் தடவையோ எட்டாம் தடவையோ தலையைத் தூக்கியபோது சுகுமாரன் என் முடியை எட்டிப் பிடித்தான். நீச்சல் தெரியாதவன், முகம் வெளுத்திருந்தது.

"எலே, இரும்ப இறக்கவாக்கும் வந்தோம். நீ குடியிருக்கப் போனா உனக்க வீட்டுல நான் என்ன சொல்லுவேன்?"

பனச்சமூட்டுக்கு பஸ்ஸில் போன நங்கூரம்

பனச்சமூட்டில் இருந்து ஒருவர் வந்தார். பெயர் ராஜமணி. நடுத்தர அளவில் கலப்பை நங்கூரம் ஒன்று வேண்டும் என்றார். எந்தப் படகுக்கு, என்ன நீளம், அடியில் மணலா சேறா என்று வழக்கம்போல் கேட்டேன். படகு இல்லையாம். பனச்சமூட்டில் ஏது கடல். ரப்பர் மரமும் மலையும்தான். முற்றத்தில் போடப் போவதாகச் சொன்னார். அலங்காரத்துக்கு என்றால் தகரத்தில் செய்தால் போதும், பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம், உண்மையாகப் பிடிக்கிறது வேண்டும் என்று பட்டறையின் மண்ணிலேயே குத்தி, கயிறு கட்டி இழுத்துப் பார்த்துத்தான் எடுத்தார். ஏற்றிவிட நானும் பஸ் வரை போனேன். அதைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் தன் காலடியில் வைத்துக்கொண்டார். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அதில் இடித்துக்கொண்டு திட்டியதைக்கூட அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பஸ் கிளம்புமுன் ஜன்னலருகே நின்று, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டேன்.

"இருபது வருஷத்துக்கு மேல கப்பல்ல வேலை. இப்ப கட்டில் ஆடாம எனக்கு உறக்கம் வரல்ல. 'நீங்க இன்னும் கரைக்கு வரல்ல'ண்ணு வீட்டுக்காரி சொல்லுதா. அவ சொன்னதுக்காக்கும் இது."

பொழி திறந்த வாரம்

பிரேமா பூவாரில் ஒரே ஒரு சுற்றுலாப் படகு வைத்திருக்கிறார். ஓட்டுபவர் ஆன்றனி. புதுத் தகட்டு நங்கூரம் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க, மழை விட்ட ஒரு காலையில் நானும் அவர்களோடு ஏறினேன். மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றும் இருந்தது: தாத்தா, தம்பதி, இரண்டு பெண் குழந்தைகள். அந்த வாரம்தான் ஆறு மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் விழத் தொடங்கியிருந்தது. அந்த வாயை நாங்கள் பொழி என்போம். பொழி திறந்தால் காயல் முழுவதும் அந்தப் பக்கம் சரிந்து ஓடும். தூரத்தில் நின்று காட்டிவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். திருப்பும் நேரத்தில் எஞ்சின் நின்றது.

படகு பேசாமல் போக ஆரம்பித்தது. தென்னைகள் எங்களைக் கடந்து பின்னால் போயின. வெயிலில் தண்ணீர் பால் போல் இருந்தது. எஞ்சின் இரைச்சல் ஓய்ந்ததில் பயணிகளுக்கு அப்படியொரு நிம்மதி. தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். கடலின் ஓசை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகியது. பொழி வாயின் வெள்ளை நுரை தெரிந்தது; அதில் போய் விழுந்தால் படகு கவிழும். ஆன்றனி எஞ்சினோடு மல்லுக்கட்ட, பிரேமா போனில் வேறு படகைக் கூப்பிட, நான் நங்கூரத்தைப் போட்டேன். பிடிக்கவில்லை. இழுத்துப் பார்த்தால் தகடு இரண்டிலும் குளவாழை என்கிற ஆகாயத்தாமரை சுற்றி, தலைப்பாகை கட்டியது போல் இருந்தது. கத்தி இல்லை, கையாலும் பல்லாலும் பிய்த்தேன். மறுபடி போட்டு, அவசரப்படாமல், இருந்த கயிறு அத்தனையையும் விட்டேன். ஆன்றனி வந்து கயிற்றில் உள்ளங்கையை வைத்தார். கீழே இரும்பு உரசிக்கொண்டு போவது அதில் தெரியும். "ஓடுது," என்றார். "ஓடுது... ஓடுது..." பிரேமா தன் துப்பட்டாவைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு ஆன்றனி கயிற்றிலிருந்து கையை எடுத்தார். கயிறு கம்பியாக நின்றது. படகு தூக்கத்தில் திரும்புவது போல மெல்ல முகத்தைத் திருப்பி, நீரோட்டத்துக்கு எதிராக நின்றது. நுரை, கல்லெறி தூரத்தில்.

இழுத்துப் போகும் படகுக்காக மூவரும் கயிற்றைவிட்டுக் கண்ணை எடுக்காமல் காத்திருந்தோம். அப்போது அந்தத் தாத்தா கண்ணைத் திறந்து, நுரையையும் மேலே வட்டமிடும் பருந்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நிப்பாட்டுறதுக்கு நல்ல இடமாத்தான் பார்த்திருக்கீங்க. இன்னும் ஒரு பத்து நிமிஷம் இங்கயே இருக்கலாமா?"

இத்தனை வருஷம் உழைத்து நான் ஒருவரையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. அவரவர் இருக்கிற இடத்திலேயே இருக்க வைத்ததுதான் நான் கண்ட முன்னேற்றம்.