கண்டெடுத்தவர் தெரியவில்லை

அது சுவிட்சுகள் அடைத்து வந்த அட்டைப் பெட்டி. பக்கவாட்டில் ஒரு சுவிட்சின் படம்கூட இருந்தது. கட்டட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் அதை என் மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தபோது முதலில் தெரிந்தது மண்தான், இன்னும் ஈரம் காயாத செம்மண். பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் பெட்டியை மெல்லச் சாய்த்தேன். ஒரு கல்மணி உருண்டு வந்தது. பிறகு இன்னொன்று. எண்ணி முடித்தபோது பதினொன்று இருந்தன. எல்லாம் சூதுபவளம். ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் நடுவிலான நிறம். ஒவ்வொன்றின் இடுப்பிலும் வெள்ளை நூலைச் சுற்றியதுபோல மெல்லிய கோடுகள்.

"கழுவல மேடம். கழுவக் கூடாதுன்னு சார் சொன்னாரே, அதான் மண்ணோட அள்ளிக்கினு வந்துட்டேன்" என்றார்.

நான் அப்போது ஒரு சிறிய அறக்கட்டளையில் பதிவு உதவியாளராக இருந்தேன். பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்கள் அறை. மர்பி டவுனில் இருந்த என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவேன். பொதுமக்கள் தங்கள் கண்ணில் பட்ட பழம்பொருள்களை அங்கே கொண்டுவருவார்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த காசு, வயலில் அகப்பட்ட சுடுமண் பொம்மை, ஏரி வற்றியபோது தெரிந்த இரும்புக் கத்தி. நாங்கள் அவற்றை எடை போட்டு, அளந்து, படம் எடுத்து, எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் யாருக்குக் கிடைத்தது என்று ஓர் அட்டையில் எழுதிவைப்போம். முக்கியமானவை பற்றி அரசுத் துறைக்குத் தெரிவிப்போம். பார்வைக்குச் சின்ன வேலை. எனக்கு அது பெரிய வேலையாகத் தெரிந்ததற்குக் காரணம் சார்.

பதிவுப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். மூன்று தலைமுறைக்கு முன்பே பெங்களூருக்கு வந்து, சமஸ்தான உத்தியோகம் பார்த்த குடும்பம். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பார். இரண்டுமே அழகாக இருக்கும். பையில் பொருளோடு யார் வாசலில் வந்து நின்றாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். லாரி ஓட்டுநராக இருக்கட்டும், காய்கறி விற்பவராக இருக்கட்டும், எழுந்து நின்று "வாங்க, உக்காருங்க" என்று சொன்ன பிறகுதான் தானும் உட்காருவார். என் அப்பா முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தில் கடைநிலை ஊழியராக இருந்தவர். அவருக்காக ஒருவர்கூட எழுந்து நின்றதில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, சார் எழுந்து நிற்பதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என் நெஞ்சு நிறைந்துபோகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேட்டை பேட்டையாகப் போய்க் கூட்டம் போடுவார். நீலசந்திராவில் ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். "மணிக்கு வாய் கிடையாது. அது கிடைச்ச இடம்தான் பேசும். இடம் தெரியலைன்னா அது வெறும் கல்லு" என்றார். பொருளைக் கொண்டுவருகிறவர்களின் பெயர் பதிவேட்டில் என்றைக்கும் இருக்கும் என்றும், அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் வராமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்றும் சொன்னார். அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருவர்தான் அக்கா.

அவர் கட்டட வேலையில் சித்தாள். நீலசந்திராவில் வீடு. சந்தாபுராவைத் தாண்டி எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடி வளாகத்துக்குத் தினமும் வேனில் போய்க்கொண்டிருந்தார். லிஃப்டுக்காகத் தோண்டிய குழியில் ஒரு பலகைக் கல் தட்டுப்பட்டதாகவும், அதை நெம்பியதும் அடியில் பெரிய பானை ஒன்று உடைந்ததாகவும் சொன்னார். ஓடுகளை எல்லாம் மண்ணோடு லாரியில் ஏற்றிவிட்டார்கள். பானை இருந்த இடத்து மண்ணை மட்டும் சாப்பாட்டு நேரத்தில் இறங்கி அவர் அள்ளியிருக்கிறார். அதோடு விடவில்லை. தரைமட்டத்திலிருந்து பானையின் வாய் இருந்த இடம்வரை தூக்குக்குண்டு நூலை விட்டுப் பார்த்து, நூலில் ஒரு முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். டேப்பை வைத்து அளந்தேன். ஏழடி மூன்று அங்குலம். படித்துப் பட்டம் வாங்கியவர்கள்கூட அப்படி ஓர் அளவோடு எங்களிடம் வந்ததில்லை.

"பக்கத்துலயே இன்னொரு பலகைக் கல்லு மொனை தெரியுது மேடம். கீழ இன்னும் கீது. கான்கிரீட் போட்டுட்டாங்கன்னா அவ்ளோதான். யார்னா பெரியவங்க வந்து சொன்னா நிறுத்துவாங்க" என்றார்.

சார் உள்ளே இருந்து வந்தார். மணிகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. அது நடிப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். அக்காவிடம் எந்த வளாகம், எந்தப் பிளாக் என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக் காலைல நானே போறேன். அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் பேச வேண்டாம்மா" என்றார். நான் அட்டையை எழுதினேன். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அக்கா தன் பெயரை எழுத்து எழுத்தாகக் கோத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியத்துக்கு மேல்தான் சார் வந்தார். போய்ப் பார்த்ததாகவும், ஒற்றைப் பானைதான், அடியில் வேறு எதுவும் இல்லை என்றும் சொன்னார். துறைக்கு எழுத வேண்டாமா என்று கேட்டேன். "நான் பாத்துக்கறேன்" என்றார். சார் சொன்ன பிறகு கேட்பதற்கு எனக்கு வேறு கேள்வி இருக்கவில்லை.

பத்து நாள் கழித்து அக்கா வந்தார். வாசலிலேயே நின்று "சார் கீறாரா?" என்று கேட்டார். வெளியே போயிருக்கிறார் என்றேன். "நல்லதாப் போச்சு" என்று உள்ளே வந்தார். ஆனால் உட்காரவில்லை. தன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகச் சொன்னார். வேனிலேயே ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அவரோடு போய்வந்த மற்ற இரண்டு பெண்களுக்கும் அதே கதி. "நான் இங்க வந்தது, பொட்டில என்னா கொண்டாந்தேன், எல்லாம் அந்த சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சுக்கீது. குழிய மறுநாள் விடியகாலையே மூடிட்டாங்க" என்றார்.

அப்போது நான் ஒன்று கேட்டேன். "நீங்க யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களாக்கா?"

அந்தக் கேள்வியை நான் கடுமையாகக் கேட்கவில்லை. அனுதாபத்தோடுதான் கேட்டேன். ஆனால் கேட்கும்போதே அவர்மேல்தான் தவறு இருக்கும் என்று எனக்குள் முடிவாகியிருந்தது. வேனில் போகிற வழியில் பெருமையாக யாரிடமாவது சொல்லியிருப்பார், இவர்களுக்கு வாய் சும்மா இருக்காது என்று நினைத்தேன். கூலி வேலைக்காரர்கள் நிறைந்த மர்பி டவுனில் பிறந்து வளர்ந்த நான், என் அம்மாவையும் அத்தையையும் போன்ற ஒருத்தியைப் பார்த்து 'இவர்கள்' என்று நினைத்தேன்.

அக்கா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொண்டார். "இல்லம்மா. நான் வரேன்" என்று இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

சில வருஷங்களில் சார் ஓய்வுபெற்றார். விழாவில் நான் அழுதேன். பிரிவுக்கு வேறொருவர் தலைமைக்கு வந்தார். பழைய அட்டைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது. ஒருநாள் தருமபுரியிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். எங்களிடம் கோடு போட்ட சூதுபவள மணிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கிடைத்த இடத்தைக் கேட்டாள். எனக்கு உற்சாகமாக இருந்தது. அட்டை எண் மனப்பாடம். எடுத்து அவள் முன்னால் வைத்த பிறகுதான் படித்தேன்.

கிடைத்த இடம்: சந்தாபுரா ஏரிக்கரை. ஆழம்: மேற்பரப்பு. கண்டெடுத்தவர்: தெரியவில்லை.

தேதி அதேதான். எண்ணும் அதே எண். எழுத்து என்னுடையது அல்ல. சாய்வே இல்லாத, அச்சுப்போன்ற அந்தக் கையெழுத்தை நான் எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன். அந்தக் கையெழுத்தில்தான் எனக்கு நற்சான்றிதழே வந்திருக்கிறது. மாணவி ஏரிக்கரை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். அந்தத் தேதியில், நீலசந்திரா முகவரியோடு, எழுத்து எழுத்தாகக் கோத்த அக்காவின் பெயர் இருந்தது. அட்டையை மாற்றியவர் இதை மறந்துவிட்டிருந்தார்.

அந்த வார இறுதியில் சார் வீட்டுக்குப் போனேன். தெற்கு பெங்களூரில் மாமரம் வைத்த தனி வீடு. என்னைப் பார்த்ததும் பழையபடியே எழுந்து நின்று, "வாம்மா, உக்காரு" என்றார். நான் உட்காராமல் அட்டையின் பிரதியை நீட்டினேன். அவர் அதை வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையிருக்கவில்லை.

"அந்த வளாகம் என் மாப்பிள்ளையோடது" என்றார். "வேலை நின்னிருந்தா வருஷக்கணக்கா நின்னிருக்கும். உனக்கு இது புரியாது."

"நீங்கதான் அவங்களுக்குச் சொன்னீங்களா சார்?"

"அன்னைக்கு சாயங்காலமே போன் பண்ணினேன். குழியை மூடச் சொன்னேன். அந்தப் பொண்ணை நிறுத்தச் சொல்லலை. அது அவங்களா பண்ணினது."

"ஆனா பேரைச் சொன்னீங்க."

"மணிகள் பத்திரமாத்தானேம்மா இருக்கு? ஒண்ணுகூடக் குறையலையே" என்றார்.

நீலசந்திராவில் அத்தனை பேர் முன்னால் நின்று, இடம் தெரியாவிட்டால் வெறும் கல் என்று சொன்ன வாய் அது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருடைய மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். குடிக்காமல் கிளம்பினேன். பஸ் நிறுத்தம்வரை நடந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. சார் பொய் சொன்னதைவிட, நான் அந்தப் பொய்யைத் தாங்கிப்பிடிக்க இன்னொருத்தியைக் குற்றவாளியாக்கியதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. நான் ஏமாந்தவள், ஆனால் வெறும் ஏமாந்தவள் மட்டும் அல்ல.

அக்காவைக் கண்டுபிடிக்க மூன்று நடை ஆயிற்று. பதிவேட்டில் இருந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களில் ஒருத்தி அடுத்த சந்தைக் காட்டினாள். அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நீலச் சீருடையில், மதிய ஷிப்டுக்குக் கிளம்ப நின்றிருந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை, மாப்பிள்ளையை, போனை. கடைசியில், "நான் உங்களத்தான் சந்தேகப்பட்டேன்க்கா" என்றேன்.

அவர் செருப்பின் வாரை மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "சார்தான் சொன்னாருன்னு எனக்கு அப்பவே தெரியும்மா. சூப்பர்வைசர் அவர் பேரச் சொல்லித்தான் என்னைத் திட்னான். உங்க ஆபீசருங்களே எங்க ஆளுங்கதான்னான்."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?"

"அதச் சொல்லத்தானே அன்னிக்கு வந்தேன். சார் இல்லாத நேரமா பாத்து வந்தேன். உன்ன அவரு ஏமாத்திக்கினு கீறாரே, சின்னப் பொண்ணு, ஜாக்கிரதையா இருக்கட்டும்னு" என்றார். "நீ அப்படிக் கேட்டியா... சரி, இவளும் அவங்க ஆளுதான்னு போய்ட்டேன்."

சந்தில் ஆட்டோ ஒன்று நுழைந்து வழி கேட்டு ஹாரன் அடித்தது. நாங்கள் இருவரும் சுவரோடு ஒட்டி நின்றோம். என்னை மன்னியுங்கள் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது நினைவில்லை.

புதிய அட்டை ஒன்று கொண்டுபோயிருந்தேன். பழையதை ரத்துசெய்து திருத்தப் பதிவு எழுத, இப்போதைய தலைவர் சம்மதித்திருந்தார். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். எந்தப் பிளாக், எந்த மூலை, பலகைக் கல் எந்தத் திசை பார்த்துச் சாய்ந்திருந்தது, இரண்டாவது கல்லின் முனை எத்தனை முழம் தள்ளி இருந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். ஆழம் கேட்டபோது யோசிக்கவே இல்லை. "ஏழடிக்கு மேல மூணு வெரக்கட" என்றார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அந்த மூலையின்மேல் இப்போது பதினான்கு மாடிகள் நிற்கின்றன. இனி அங்கே யாரும் தோண்டப் போவதில்லை. இருந்தாலும், அன்று நான் உண்மையைச் சொல்லாததால் ஏரிக்கரையில் போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்பியிருந்த அந்த மாணவிக்கு அது போதுமானதாக இருந்தது.

எழுதி முடித்துப் பேனாவை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எடத்த எழுதிக்கோ. அது நெஜம், இருக்கட்டும். என் பேரு வேணாம்."

"இந்தத் தடவை யாரும் மாத்த மாட்டாங்கக்கா. நான் இருக்கேன்."

"நீ இருக்கற கண்ணு. நாளைக்கு அங்க யாரு இருப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்று சொல்லி எழுந்து, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தார்.

அலுவலகத்துக்கு வந்து அட்டையை முடித்தேன். இடம், ஆழம், திசை, எல்லாம் சரியாக இருந்தன. ஒரு கட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. அதில் 'பெயர் வெளியிட விரும்பவில்லை' என்று என் கையால் எழுதினேன். அவர் பெயர் எனக்குத் தெரியும். அவர் வேண்டாம் என்றதால் இங்கேயும் அதை எழுதவில்லை.