சினிமா பிலிமில் எடுத்த கல்யாணப் படம்

சென்னையில் ஒரு சினிமா ஒளிப்பதிவாளரிடம் உதவியாளராக இருந்த என் மாமா, திருத்தங்கலில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் படப்பிடிப்பில் மிஞ்சிய பிலிம் துண்டுகளைக் கொண்டுவருவார். கறுப்புப் பைக்குள் இரண்டு கைகளையும் நுழைத்து, பார்க்காமலே அவற்றைச் சாதாரண கேமராவின் காலி ரோல்களில் சுற்றுவார். அதில் எங்களைப் படம் எடுப்பார். கழுவுவதற்கு மட்டும் அது சென்னைக்குப் போகவேண்டும்.

"இதுக்கு முதுகுல கரி பூசியிருக்கு பாப்பா. முதல்ல அதைக் கையால கழுவி எடுக்கணும். இங்கன ஸ்டுடியோ மிஷின்ல போட்டா அம்புட்டும் நாசமாயிரும்" என்பார்.

எனக்கு ஒன்பது வயது. புதுப் பாவாடையில் நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்க, அவர் அடுத்த முறை வரும்வரை பொறுக்க முடியவில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் ஒரு ரோலை எடுத்துக்கொண்டுபோய்க் கடைத்தெரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். வீட்டில் கொடுக்கச் சொன்னார்கள் என்று பொய்யும் சொன்னேன்.

மறுநாள் ஸ்டுடியோக்காரர் வாசலில் நின்றார். பிலிமின் முதுகிலிருந்த கரி, கழுவும் மருந்துத் தண்ணீரில் கரைந்து, கூடவே போட்டிருந்த யாரோ ஒருவரின் கல்யாண ரோல் முழுக்கக் கரும்புள்ளியாகிவிட்டதாம். என் பாவாடைப் படமும் போயிற்றே என்பதுதான் அப்போது என் கவலை.

மாமா என்னை ஒரு முறை பார்த்தார். "நான்தான் குடுத்துவிட்டேன். தப்பு என்னோடதுதான்" என்றார் அவரிடம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்யாணப் பெண்ணின் வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு என்பதால் உறவினர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அந்த அக்கா கல்யாணச் சேலையை மறுபடி உடுத்தி, புது மாலையோடு மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். மாமா தன்னிடம் மிச்சமிருந்த சினிமா பிலிமைக் கேமராவில் போட்டார்.

அக்காவின் வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றார் மாமா. யாரும் நகரவில்லை. பெரியவர்களுக்குப் படத்துக்கு நிற்கக்கூடத் தெரியவில்லையே என்று நானே ஓடிப்போய் அங்கே நின்றுகொண்டேன். மாமா பதறிக் கூப்பிட்டார்.

"இருக்கட்டும், அவ அங்கனயே நிக்கட்டும். நீங்க எடுங்க" என்றார் அக்கா. என் தோளைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார்.

படம் நன்றாக வந்திருந்தது. நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். தகப்பனில்லாத அந்த அக்காவை வளர்த்துக் கட்டிக்கொடுத்த அண்ணன், கல்யாணத்துக்கு மறுநாளே சவுதிக்கு வேலைக்குப் போய்விட்டார் என்பதோ, நான் போய் நின்றது அவருடைய இடம் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. மாமாவை நச்சரித்து இன்னொரு பிரதி போட்டு வாங்கி, பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டினேன்.