மஸாஹிரா வரைந்த கொடி

மஸாஹிரா எதையும் எறிய விடமாட்டாள். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் யார் வீட்டில் எது உடைந்தாலும், அது மொட்டைமாடிக்குப் போய், மண் நிரம்பி, பூச்சட்டியாகிவிடும். பழைய ஃபிரிட்ஜில் வல்லாரை, குளியல் தொட்டியில் கத்தரி, டயர்களில் மிளகாய். பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் கண்ணும் மூக்கும் வரைந்து பெயர்கூட வைத்தார்கள். அந்தக் குளியல் தொட்டி நான் கொடுத்தது.

மொட்டைமாடிக்கு நேர் கீழே அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. போன மாரியில் அவளுடைய சீலிங்கில் மெல்லிய வெடிப்பொன்று விட்டது. அவள் அதன்மேல் பச்சைப் பெயின்ற் பூசி, இரண்டு இலை வரைந்து, கொடியாக்கிவிட்டாள். வெடிப்பு நீளும்போதெல்லாம் இலை கூடியது. வந்தவர்களெல்லாம் படம் பிடித்தார்கள்.

"எஞ்சினியர் ஒராளுக்குக் காட்டுவம், மஸாஹிரா."

"காட்டினா தோட்டத்த எறக்கச் சொல்லுவாரு, அக்கா. கொடி வளருறதுக்கு யாராச்சும் பயப்புடுவாங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அன்றும் அவள் தந்த கத்தரிக்காயில்தான் குழம்பு வைத்தேன்.

இப்போது மூன்று நாளாக விடாத மழை. மேலே மண்ணெல்லாம் ஊறிக் கனத்துக் கிடக்கிறது. நேற்று அவள் சீலிங்கில் எண்ணினேன், நாற்பத்தொரு இலை. இன்று காலை என் சீலிங்கிலும் ஒரு கோடு. சற்று நேரத்தில் கதவு தட்டும் சத்தம். மஸாஹிரா பச்சைப் பெயின்ற் பேணியோடு நின்றாள்.

"கொடி நடுச்சுவர் வரைக்கும் வந்துட்டு அக்கா. உங்கட பக்கமும் வந்திருக்குமே?"

வாய் நிறையத் திட்டத்தான் நினைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டு, அதில் ஏறி நின்றவளை விழாமல் பிடித்துக்கொண்டேன். முதல் இலை முடியுமுன்னே என் கைகளில் சீமெந்துத் தூள் கொட்டத் தொடங்கியது.