தேங்காய்ப்பால் சாறும் ஒரு வெறும் தூக்கும்

கள்ளக்குறிச்சியில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ச் சித்தரத்தை கேட்டால், கடைக்காரர் முதலில் உங்கள் நெஞ்சைத்தான் பார்ப்பார். "இருமலா டீச்சர்? எத்தினி நாளா?" என்று என்னையும் கேட்டார். இருமல் இல்லை, சூப்பு வைக்கப் போகிறேன் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, தாய்லாந்து சூப்பு என்று சேர்த்துச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். "ரிட்டயர் ஆனா இப்டித்தான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டே மடித்துக் கொடுத்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. சுக்குக் கஷாயம் கேட்கிற வயசில் நான் சூப்பு கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது.

எல்லாம் என் மகள் ஜெனியால் வந்தது. சென்னையில் வேலை பார்க்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை வருகிறவள், வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு நாட்டைக் கூட்டிக்கொண்டு வருவாள். போன முறை இத்தாலி. இந்த முறை வருவதற்கு முன்பே போனில் ஒரு வீடியோ அனுப்பிவிட்டாள். "அம்மா, இத பண்ணி வையி. உனக்கு ஈசிதான்" என்று கூடவே ஒரு வரி. வீடியோவில் ஒரு பெண் பதினேழு சாமான்களைக் குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் எடுத்து வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் கிண்ணங்களையெல்லாம் யார் கழுவுவார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

நான் அதைப் பாதியாகக் குறைத்தேன். மீன் சாஸ் என்றாள், நான் கல் உப்பு என்றேன். ஏதோ ஒரு எலுமிச்சை இலை என்றாள், நான் எதிர்வீட்டு நார்த்தை மரத்தில் நாலு இலை பறித்தேன். பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி வேர், சித்தரத்தை எல்லாம் சேர்த்து மிக்சியில் ஒரு ஓட்டு. லெமன்கிராஸ் என்கிற புல் மட்டும் சங்கராபுரம் ரோட்டு நர்சரியில் தொட்டியோடு கிடைத்தது. காளானும் கேரட்டும் வீட்டில் இருந்தன. பிறகு என்ன, தேங்காய்ப்பால்தான். தேங்காயைத் துருவி முதல் பால் தனியாக, இரண்டாம் பால் தனியாக. விழுதை வதக்கி, இரண்டாம் பாலை ஊற்றி, புல்லை நசுக்கிப் போட்டுக் கொதிக்க விட்டு, காய் வெந்ததும் தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்றினேன். நார்த்தை இலையைக் கிள்ளிப் போட்டேன்.

ஆவி மேலே வந்தது. கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு இந்தச் சாற்றைத் தெரியும். முப்பத்தைந்து வருசத்துக்கு முன்பே தெரியும்.

முதல் வேலை எனக்குக் கல்வராயன் மலையில். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் ஏற ஏறக் காது அடைத்துக்கொள்ளும். பஸ் நிற்கிற இடத்திலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். ஓட்டுக்கட்டடத்தில் ஒரு பள்ளிக்கூடம், அதன் பின்னால் எனக்கு ஒரு அறை. எனக்கு இருபத்து நாலு வயசு. வேலை கிடைத்த சந்தோசம் முதல் மழையோடு போய்விட்டது. இறங்கிவிட வேண்டும், எப்படியாவது கீழே மாறுதல் வாங்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்பதுதான் என் ஜெபம். தினமும் முழங்கால் போட்டு இதைத்தான் கேட்டேன். பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்று ஒருநாளாவது கேட்டேனா என்றால், இல்லை.

அங்கே சத்துணவு சமைக்க உதவியாக இருந்தவள் குழந்தாயி. மலைக்காரப் பெண், என் வயசுதான். பெரிய பேச்சுக்காரி இல்லை. ஆனால் நடக்கும்போது எதையாவது கிள்ளி மோந்து பார்த்துக்கொண்டே நடப்பாள். ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள் கதவைத் தட்டி, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்றைக் கட்டில் பக்கத்தில் வைத்தாள்.

"சூடா குடிங்க டீச்சர். வேர்த்து வுட்ரும்."

"இன்னா இது?"

"சாறு. வாசப்புல்லு போட்டது."

திறந்தேன். தேங்காய்ப்பால், புல், ஊசி மிளகாய், ஏதோ ஒரு கிழங்கின் காரம், மேலே நார்த்தை இலை. கொஞ்சம் கெட்டியாக வரட்டும் என்று சாமையை அரைத்துக் கரைத்திருந்தாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு, "யாரு சொல்லிக் குடுக்கப்போறா? கைக்கு ஆப்புட்டத போட்டேன்" என்றாள். நான் தூக்கைச் சாய்த்துச் சாய்த்துக் குடித்தேன். அடியில் நின்ற சாமையை விரலால் வழித்தேன். நாக்கு செத்துக் கிடந்த எனக்கு உயிர் வந்தது போலிருந்தது.

அந்தத் தூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவள் கல்யாணத்துக்கு வந்த சீர். வயிற்றுப் பக்கம் அவள் பெயரும் அவள் புருசன் பெயரும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். வீட்டில் இருந்த ஒரே எவர்சில்வர் பாத்திரம் அதுதான் என்பது பிறகுதான் தெரிந்தது. தேங்காயும் அப்படித்தான். மலையில் தென்னை கிடையாது. சந்தைக்குக் கீழேயிருந்து வருகிற தேங்காயை வாங்கி, பத்திரமாக வைத்திருந்து உடைப்பாள். வாரத்துக்கு இரண்டு முறை நான் கேட்டு வாங்கிக் குடித்தேன். வெட்கமில்லாமல் கேட்டேன். "குழந்தாயி, இன்னிக்கி சாறு உண்டா?" என்று வகுப்பு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பேன். பிள்ளைகள் சிரிக்கும்.

வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். நான் ஒவ்வொரு முறையும் தூக்கைக் கழுவி ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டுக் கொடுப்பேன். அவளும் மூடியைத் திறந்து பார்க்காமலே இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். சாறு வரும், சர்க்கரை போகும். இப்படியே ஒரு வருசத்துக்கு மேல் ஓடியது.

பிறகு ஒருநாள் கீழேயிருந்து ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். பள்ளியைப் பார்வையிட வந்தவர். என் மாறுதல் மனு அவர் மேசையில்தான் இருந்தது. காலையிலிருந்து நான் அவர் பின்னாலேயே பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அவர் தும்மினால் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். இப்போது நினைத்தாலும் எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மத்தியானம் அவருக்கும் கூட வந்த கிளார்க்குக்கும் சாப்பாடு. குழந்தாயி யாரும் கேட்காமலே இரண்டு டம்ளரில் சாறு கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்கென்றே தேங்காய் உடைத்திருக்கிறாள்.

அவர் டம்ளரைத் தூக்கி மோந்து பார்த்தார். "இன்னாம்மா, சோப்பு வாசன அடிக்குது?"

"டீச்சருக்குப் புடிச்ச சாறுங்க. எங்க வூட்ல வச்சது. வாரத்துக்கு ரெண்டு வாட்டி கேட்டு வாங்கிக் குடிப்பாங்க" என்றாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. முகமெல்லாம் பெருமை.

அவர் என் பக்கம் திரும்பினார். "நெசமாவா டீச்சர்? இவங்க வூட்லலாம் வாங்கிக் குடிக்கிறீங்களா?"

கிளார்க் அதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டார். எனக்குக் காது சுட்டது. என் வாய் சொல்லியது, ஆமாம், என் வாய்தான்: "அய்யோ, இல்லீங்க சார். மனசு கஷ்டப்படுமேன்னு வாங்கி வச்சிக்குவேன். அப்பறமா நாய்க்கு ஊத்திடுவேன்."

இருவரும் நன்றாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குழந்தாயி இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு சமையல் கொட்டகைக்குப் போனாள். தளும்பாமல் மெதுவாக எடுத்துக்கொண்டு போனாள்.

நேற்று தேங்காய்ப்பால் பிழிந்த பிறகு கொட்டாங்குச்சி கையிலேயே இருந்தது. எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. சங்கராபுரம் பக்கம் ஒரு பண்ணையில் கூலி வேலை செய்தவர். அந்த வீட்டில் அவருக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கும் கூழ் ஊற்றுவது கொட்டாங்குச்சியில்தான். எங்கள் கை பட்ட பாத்திரம் அவர்கள் வீட்டுக்குள் போகாது. அப்பா அதைக்கூடக் கிண்டலாகத்தான் சொல்வார். "குடிச்சிட்டு தூக்கிப் போட்டுக்கினே இருக்கலாம், கழுவற வேல மிச்சம்" என்பார். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். அப்படிப்பட்டவர் பெற்று, கோயில் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்து, டீச்சராக்கி அனுப்பிய மகள் நான். அந்தக் கேள்வியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அந்த மேசையில் இருந்த மூன்று பேரில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஜீப் போன பிறகு அறைக்கு வந்தேன். அவள் தூக்கு என் அலமாரியில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்தது. அதில் சர்க்கரை போட்டேன். ஒரு கைப்பிடி இல்லை. அந்த மாதத்துக்கு வைத்திருந்த சர்க்கரை முழுவதையும் கழுத்துவரை போட்டேன். மூடி சரியாக உட்காரவில்லை. அழுத்தி மூடிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

குழந்தாயி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க டீச்சர்" என்றாள். தூக்கை நீட்டினேன். வாங்கியதும் கனம் கைக்குத் தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே போய் ஒரு பழைய பேப்பரை எடுத்துவந்து விரித்து, சர்க்கரையை அதில் கொட்டி, தூக்கின் உள்பக்கம் ஒட்டியதையும் விரலால் தட்டிவிட்டு, பொட்டலமாக மடித்து நூல் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"தூக்கு மட்டும் போதும் டீச்சர்."

"குழந்தாயி, நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான்…"

அவள் முறத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை. ஒரு சந்தேகம் கேட்பது மாதிரி கேட்டாள்.

"பள்ளிக்கூடத்தாண்ட நாயே இல்லியே டீச்சர்."

அவ்வளவுதான். நான் குடித்தது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஒரு மன்னிப்பு கேட்க அதற்கு மேல் என்ன வசதி வேண்டும் சொல்லுங்கள். பொட்டலத்தோடு திரும்பி வந்தேன். அந்தச் சர்க்கரையை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். காப்பியில் போட்டுக் குடித்தேன். மாதக் கடைசிவரை வந்தது.

பிறகு சாறு வரவில்லை. "வாங்க டீச்சர், போங்க டீச்சர்" என்கிற மரியாதை மட்டும் ஒரு நாளும் குறையவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மாறுதலும் அந்த அதிகாரியால் வரவில்லை. அடுத்த வருசம் வரிசைப்படி தானாக வந்தது. அந்த மனிதரின் பெயர்கூட இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. யாருக்காக அந்தப் பொய்யைச் சொன்னேனோ அவர் பெயரே மறந்துவிட்டது. இதைவிடக் கேவலம் உண்டா? ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், குருவைத் தெரியாது என்று மறுதலித்த சீடனைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் குனிந்து பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடுவேன்.

ஏழெட்டு வருசத்துக்கு முன்னால் அருவி பார்க்கக் காரில் குடும்பத்தோடு மேலே போனோம். பள்ளிக்கூடம் வரைக்கும் தார் ரோடு வந்துவிட்டது. என் அறை இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி. கால் மரத்துவிட்டது, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு அவள் வீட்டுப் பக்கம் போனேன். பூட்டியிருந்தது. "மவனோட திருப்பூருக்குப் போயி ரொம்ப நாளாச்சுங்க. இங்க யாரும் வர்றதில்ல" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். என் கைப்பையில் ஒரு கிலோ சர்க்கரை இருந்தது. சிரிக்காதீர்கள்.

நேற்று மத்தியானம் ஜெனி வந்தாள். என் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது கொழம்பா, பாயசமா? ஒண்ணும் புரியல" என்று மோருக்குப் போய்விட்டார். ஜெனி மூன்று கிண்ணம் குடித்தாள்.

"அம்மா, கடையில கூட இப்டி இல்ல. மொத தடவ பண்ண மாரியே இல்லியே. எங்க கத்துக்கின?"

"போன்லதான். நீ அனுப்புனியே" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. இந்த முறை மேசையில் அதிகாரி இல்லை, மாறுதல் இல்லை, சிரிக்க ஒரு கிளார்க் இல்லை. என் மகள் மட்டும்தான் இருந்தாள். அப்போதும் என் வாய்க்கு அந்தப் பெயர் வரவில்லை.

மிச்சத்தை எதிர்வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றேன், நார்த்தை இலை கொடுத்தவர்கள் ஆயிற்றே. எழுந்து அலமாரியில் தூக்கு தேடினேன். ஜெனி அதற்குள் ஓட்டலில் வாங்கி வந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி மூடிவிட்டாள். வாசலில் நின்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "டப்பா திருப்பித் தர வேணாம் ஆன்ட்டி. தூக்கிப் போட்ருங்க."

இப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான். பெயர் வெட்டிய பாத்திரம் தெருவில் நடப்பதை நான் பார்த்து எத்தனையோ வருசம் ஆகிறது. கழுவுகிற வேலை மிச்சம். சர்க்கரை தேடுகிற வேலை மிச்சம். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க ஒருத்தி வாசலில் இன்னொருத்தி போய் நிற்க வேண்டிய வேலையும் இல்லை.

ஜெனி இன்று காலை பஸ் ஏறிவிட்டாள். சாயங்காலம் போன் செய்வாள். என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. மலையில் குழந்தாயி என்று ஒருத்தி இருந்தாள். அது அவள் வைத்த சாறு. பள்ளிக்கூடத்துப் பக்கம் நாய் எதுவும் இல்லை. அவ்வளவையும் நான்தான் குடித்தேன்.