வல்லாரைக்கு அடித்த மருந்து

ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், பலதும் மறந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை கீழே கோஸ் தோட்டத்தில் மருந்தடித்தார்கள். வாடை வந்ததும் ஜன்னலோரம் இருந்த வல்லாரைத் தொட்டியைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தோம். தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி பட்டு அப்பாவின் காலில் புண். அம்மா தினமும் வல்லாரை அரைத்துக் கட்டுவார். ஓடையோரம் தானாக முளைத்திருந்ததை வேரோடு கொண்டுவந்து கொல்லையில் நட்டுத் தண்ணீர் ஊற்றியது நான்தான். தினமும் இலை பறித்ததில் செடி சோர்ந்துபோனது.

ஒரு நாள் தோட்டத்து மாமா ஒருவர் முதுகில் டாங்கியோடு புல்லின் மேல் எதையோ அடித்துக்கொண்டு வந்தார்.

"மாமா, அது என்னா?"

"மருந்துலா, பாப்பா."

"எங்க செடிக்கும் கொஞ்சம் அடிங்க மாமா. வாடிக் கெடக்கு."

"இந்தப் புல்லுக்கா? அடிச்சிட்டா போச்சு!"

மூன்றாம் நாள் இலையெல்லாம் கருகிவிட்டது; அது புல்லைக் கொல்லும் மருந்தாம். அப்பா காலை நீட்டியபடி, "மருந்துக்கே மருந்தடிச்சிட்டியே, பாப்பா" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நான் ஓடைக்கு ஓடினேன். அங்கேயும் அடித்திருந்தார்கள்.

அப்பா கடைசிவரை நொண்டித்தான் நடந்தார். அது வலது காலா, இடது காலா என்று எனக்கு இப்போது ஞாபகம் வரவில்லை. அப்போது எங்களோடு இருந்த என் அக்கா இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லட்டும்.